பிளாக் ஃபிரைடே வரிசையில் நாமும் நிற்க வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவில், நவம்பர் நான்காம் வியாழனன்று நன்றி கூறி விருந்துண்ட குடும்பங்கள் மறுநாளான ‘பிளாக் ஃபிரைடே’ வெள்ளியன்று தள்ளுபடிக்காக விடியுமுன்னே கடை வாசலில் திரள்வதை, இங்கு குடியேறிய நாமும் ஏன் யோசிக்காமல் பின்பற்றுகிறோம்?

மறுமொழி: ஊருக்குப் பணம் அனுப்பியபின் மிஞ்சுவதில் பிள்ளைக்குக் கணினி வாங்குபவரை நான் குறைகூற மாட்டேன். தேவையற்ற தொலைக்காட்சியைக் கடன் அட்டையில் வாங்குவதுதான் வருத்தமளிக்கிறது.

மறுமொழி: 2008-இல் நியூயார்க் மாநிலத்தின் வேலி ஸ்ட்ரீமில், கதவை உடைத்து நுழைந்த கூட்டத்தின் காலடியில் கடை ஊழியர் ஒருவர் மிதிபட்டு இறந்ததை நினைக்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டம் அந்த வியாழனன்று பெருங்கடைகளைத் திறக்க விடுவதில்லை. ஊழியர்களும் குடும்பத்தோடு உண்ண வழிசெய்யும் அந்த ஏற்பாட்டை மற்ற மாநிலங்களும் ஏற்க வேண்டும்.

மறுமொழி: கனடாவில் 1992-இல் தொடங்கிய ‘எதுவும் வாங்காத நாள்’ இயக்கத்தை எங்கள் வீட்டில் கடைப்பிடிக்கிறோம், பிள்ளைகளும் மனமுவந்து சேர்ந்துகொள்கிறார்கள்.