காலேஜ் பிள்ளைங்க மண்ணைக் கிண்டினா புது ஆன்டிபயாடிக் வந்துடுமா?

தட்டுக்காரி:
2012-ல் அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டியில் மைக்ரோபயாலஜிஸ்ட் ஜோ ஹேண்டல்ஸ்மன் ஆரம்பிச்ச பாடம், 2018-லிருந்து விஸ்கான்சினில் 'டைனி எர்த்'னு நடக்குது. மாணவர்கள் ஆளுக்கு ஒரு பிடி மண்ணைக் கொண்டுவந்து, கரைச்சு, அகார் தட்டில் (கிருமி வளர்க்கிற ஜெல்லி ஊத்தின தட்டு) பூசி, எந்த பாக்டீரியா பக்கத்துக் கிருமியை வளரவிடாம அடக்குதுன்னு பார்க்கணும். நம்ம மைக்ரோபயாலஜி லேபிலும் இதை வைக்கணும். பாக்டீரியாவுக்குச் சாயம் ஏத்திப் பார்க்கிற கிராம் ஸ்டெயின் போட்டே மூணு வருஷம் ஓடிடுது.

மாத்திரை மணி:
மருந்துக் கம்பெனியில 14 வருஷம் குப்பை கொட்டினவன் சொல்றேன். தட்டுல கிருமி வளராம தெளிவா வட்டம் விழுந்ததும் குதிப்பாங்க. பிரிச்சுப் பார்த்தா ஸ்ட்ரெப்டோத்ரிசின்ங்கிற அதே பழைய ஆன்டிபயாடிக்! கிட்னியைக் கெடுக்கும்னு 1940-கள்லயே ஓரங்கட்டின சரக்கு.

தட்டுக்காரி:
ஸ்ட்ரெப்டோமைசினும் அதே 40-கள்தான் சார். 1943, அமெரிக்காவுல ரட்கர்ஸ் யுனிவர்சிட்டி. எருப் போட்ட மண்ணிலிருந்து எடுத்த ஆல்பர்ட் ஷாட்ஸுக்கு வயசு 23, ஆராய்ச்சி மாணவர். காசநோய்க்கு அதுக்கு முன்னாடி ஏது மருந்து?

கரிசல்காரன்:
மீதிக் கதையையும் சொல்லுங்க. 1952 நோபல் அவரோட பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டும். ராயல்டிக்கு ஷாட்ஸ் 1950-லயே கோர்ட் படி ஏற வேண்டியதாச்சு. நான் எம்.எஸ்சி.ல ராத்திரி பகலா பிரிச்செடுத்த பாக்டீரியா ஸ்ட்ரெயின் (வகை) கட்டுரையா வந்தப்ப என் பேரு நன்றியுரையில இருந்துச்சு, அதுவும் எழுத்துப் பிழையோட.

மாத்திரை மணி:
பேரை விடுங்க, காசு? அகாவோஜன் கம்பெனி 2018-ல பிளாசோமைசின்ங்கிற புது ஆன்டிபயாடிக்குக்கு அனுமதி வாங்குச்சு. 2019-ல திவால். புது ஆன்டிபயாடிக்கை டாக்டருங்க கடைசி கட்டத்துக்குன்னு பத்திரமா எடுத்து வைப்பாங்க, அதுதான் நியாயமும். ஆனா விக்காத சரக்கை எவன் தயாரிப்பான்? கண்டுபிடிக்கிறதுல இல்ல அடைப்பு.

தட்டுக்காரி:
சரி, மருந்து வராதுன்னே வைங்க. போன வருஷம் காலேஜ் வேப்பமரத்தடி மண்ணை வெச்சுப் பண்ணினோம். அஞ்சாம் நாள் ஒரு பொண்ணு மூடியைத் தூக்கிட்டு, "மேம், மழை பெஞ்ச வாசனை வருது!"ன்னா. அது மண்ணுல இருக்கிற ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா விடுற ஜியோஸ்மின்ங்கிற பொருளோட வாசனை. சளி பிடிச்சா மெடிக்கல்ல அசித்ரோமைசின் ஆன்டிபயாடிக் மூணு வாங்கிப் போடுற அவ அப்பாவை இப்ப அவதான் தடுக்கிறா.

மாத்திரை மணி:
இருங்க. என்ன வளர்ந்திருக்குன்னே தெரியாத தட்டைத் திறந்து மோந்து பார்க்க விட்டீங்களா?

தட்டுக்காரி:
விடல சார், திறந்துட்டா. மறுநாளே எல்லாத் தட்டுக்கும் டேப் ஒட்டிட்டேன்.