மேப்பில் 300 எம்பிபிஎஸ், வீட்டில் ஒன்றுமே இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

ஓடைக்கரையான்:

அமெரிக்காவில் ஒரு சின்ன கவுண்டியில், ஊரை விட்டு ஒதுங்கிய இடத்தில் வீடு வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வாங்கும் முன்பே அரசாங்கத்தின் பிராட்பேண்ட் மேப்பில் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். ஒரு கேபிள் கம்பெனி 300 எம்பிபிஎஸ் வேகம் தருவதாக இருந்தது. குடிவந்து கூப்பிட்டால், "உங்கள் வீடு வரை லைன் இல்லை, மெயின் ரோட்டிலிருந்து இழுக்க 14,000 டாலர் ஆகும், கட்டினால் பார்க்கலாம்" என்கிறார்கள். இப்போது செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறோம், நான் மீட்டிங்கில் கேமராவைப் போட்டால் பையனின் வகுப்பு நின்றுவிடும். பக்கத்துப் பண்ணைக்காரர், மேப்பில் நம் வீடுகளுக்கு இணைப்பு இருப்பதாகக் காட்டும்வரை அரசாங்கக் காசு இந்தப் பக்கம் வராது என்கிறார். உண்மையா? இந்த மேப்பை யார் போடுகிறார்கள்? ஸ்பீட் டெஸ்ட் எடுத்து அனுப்பினால் மாற்றுவார்களா?

கம்பிக்காரன்:

பண்ணைக்காரர் சொல்வது சரிதான். மேப்பை நடத்துவது எஃப்சிசி, அதாவது தொலைத்தொடர்பை மேற்பார்க்கும் அரசு ஆணையம், ஆனால் அதில் இருக்கும் விவரம் கம்பெனிகள் தாங்களே வருடத்துக்கு இரண்டு முறை எழுதிக்கொடுப்பது. யாரும் வந்து உங்கள் வீட்டு வாசலில் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இதற்கு முன்னால் இருந்தது இன்னும் மோசம். சென்சஸ் பிளாக் என்று நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்பு கொடுக்க முடிந்தால்கூட அந்தத் துண்டு முழுவதும் இணைப்பு இருப்பதாகக் கணக்கு. நகரத்தில் ஒரு துண்டு என்பது ஒரு தெரு, நாட்டுப்புறத்தில் அதுவே பல மைல். 2020இல் சட்டம் போட்டு, வீடு வீடாகப் புள்ளி வைத்துப் புது மேப் 2022 நவம்பரில் வந்தது. புள்ளிதான் மாறியது, கம்பெனியின் வாய்ச்சொல் அப்படியேதான் இருக்கிறது.

உங்களுக்கு உதவக்கூடிய விதி ஒன்று உண்டு. கேட்ட பத்து வேலை நாட்களுக்குள், வழக்கமான இணைப்புக் கட்டணத்துக்கு மேல் ஒரு காசு வாங்காமல் கொடுக்க முடிகிற வீட்டைத்தான் அவர்கள் தங்கள் கணக்கில் காட்டலாம். உங்களிடம் 14,000 கேட்டார்களே, அந்த ஒரு வரி போதும், ஆனால் போனில் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம். சாட்டிலோ மெயிலிலோ கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் அதே மேப் தளத்தில் உங்கள் வீட்டைத் தொட்டால் சேலஞ்ச், அதாவது மேப்பில் இருப்பது தவறு என்ற மனு, போட வழி இருக்கும், காரணங்களின் பட்டியலில் "வழக்கத்தை விட அதிகக் கட்டணம் கேட்டார்கள்" என்பதும் ஒன்று. அதைத் தேர்ந்தெடுத்து ஸ்க்ரீன்ஷாட்டை இணையுங்கள். கம்பெனி பதில் சொல்ல 60 நாள். ஒப்புக்கொண்டால் அங்கேயே முடிந்தது, மறுத்தால் இருவரும் பேசித் தீர்க்க இன்னொரு 60 நாள், அதற்கும் மேலே போனால் எஃப்சிசி முடிவு செய்யும்.

ஸ்பீட் டெஸ்ட் இங்கே எடுபடாது. மேப் காட்டுவது கம்பெனி தருவதாகச் சொல்லும் வேகத்தை, உங்களுக்கு வந்துசேரும் வேகத்தை அல்ல. அதிருக்கட்டும், லைனே இல்லாத வீட்டில் எந்த லைனை டெஸ்ட் செய்வீர்கள்?

நெட்டுவேலி:

இதெல்லாம் ஆகிற காரியமா? சாட்டிலைட் டிஷ் ஒன்றை வாங்கிக் கூரையில் வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள் சார். நான் இரண்டு வருடம் ஃபார்ம் நிரப்பியதுதான் மிச்சம். மரம் மறைக்காத இடமாகப் பார்த்து வைத்தால் மீட்டிங்குக்குத் தாராளமாகப் போதும்.

மூன்றாம்மைல்:

நெட்டுவேலி சொல்வதைத் தள்ளிவிட முடியாது, இன்றைக்குப் பிழைக்க அதுதான் வழி. ஆனால் எல்லோரும் அப்படியே ஒதுங்கிப்போனால் மேப்பில் அந்தப் பொய் அங்கேயே உட்கார்ந்திருக்கும். எங்கள் கவுண்டியின் பிராட்பேண்ட் குழுவில் கொஞ்ச காலம் இருந்தேன், காசு எப்படி நகர்கிறது என்பதைச் சொல்கிறேன்.

2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில், இணைப்பில்லாத இடங்களுக்கு இன்டர்நெட் கொண்டுபோக, பீட் என்ற திட்டத்துக்கு 4,245 கோடி டாலர் ஒதுக்கினார்கள், பொறுப்பு என்டிஐஏ என்ற மத்திய அரசு அமைப்புக்கு. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று 2023 ஜூனில் அறிவித்தார்கள், டெக்சாஸுக்குத்தான் அதிகம், 330 கோடிக்கு மேல். குறைந்தபட்சமாக எல்லா மாநிலத்துக்கும் 10 கோடி உண்டு. அதற்கு மேல் எவ்வளவு என்பதை மேப்பில் இணைப்பு இல்லாத வீடுகள் எத்தனை என்று எண்ணித்தான் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் சேர வேண்டுமென்றால் 2023 ஜனவரி 13க்குள் மேப்பைத் திருத்தச் சொல்லியிருக்க வேண்டும். மேப் வந்தது நவம்பரில், நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறை வேறு. அதற்குள் எத்தனை பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும்?

பிறகு மாநிலங்கள் தனியாக ஒரு சுற்று சேலஞ்ச் நடத்தின. அதில் தனி ஆள் நேராக மனுப்போட முடியாது, உள்ளாட்சியோ லாப நோக்கமில்லாத அமைப்போ இன்டர்நெட் கம்பெனியோ தான் போடலாம். ஸ்பீட் டெஸ்ட் அங்கேதான் உதவியது, வேறு வேறு நாட்களில் மூன்று முறை எடுத்திருக்க வேண்டும். நாங்கள் தேவாலய வாசலில் மேசை போட்டு வயதானவர்களுக்கு டெஸ்ட் எடுத்துக் கொடுத்தோம்.

பீட் கணக்கில் 25/3க்குக் கீழே (டவுன்லோட் 25, அப்லோட் 3 எம்பிபிஎஸ்) இருந்தால் இணைப்பு இல்லாத வீடு, 100/20க்குக் கீழே என்றால் போதாத இணைப்பு. உங்களுக்கு மேப்பில் 300 என்று இருப்பதால் இரண்டிலும் வரமாட்டீர்கள். இன்னொரு கொடுமை, ஏற்கெனவே வேறு அரசுத் திட்டத்தில் ஒரு கம்பெனி கட்டித்தருவதாக ஒப்புக்கொண்ட இடமும் பட்டியலில் வராது. 2020 டிசம்பரில் ஆர்டிஓஎஃப் என்ற கிராமப்புற இன்டர்நெட் நிதிக்கான ஏலத்தில் பத்து வருடத்துக்கு 920 கோடி டாலர் என்று அறிவித்தார்கள், ஆனால் பெரிய தொகை ஜெயித்த கம்பெனிகளில் இரண்டின் விண்ணப்பத்தை 2022 ஆகஸ்டில் எஃப்சிசியே தள்ளுபடி செய்தது. எடுத்த மற்றவர்களிலும் பலர் பிறகு கைவிட்டார்கள். அந்தக் கிராமங்களுக்கு வருடங்கள் வீணானதுதான் மிச்சம்.

2025 ஜூனில் பீட் விதியை மாற்றி, ஃபைபருக்கு இருந்த முன்னுரிமையை எடுத்துவிட்டு, குறைந்த செலவில் யார் முடிப்பார் என்று மறுபடி கேட்கச் சொன்னார்கள். அதனால் பல இடங்களுக்கு ஃபைபருக்குப் பதில் சாட்டிலைட்தான் ஒதுக்கப்பட்டது. உங்கள் வீட்டுக்கு பீட் கதவு மூடிவிட்டது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் சேலஞ்ச் போடுங்கள். அடுத்து எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் பார்க்கப்போவது அதே மேப்பைத்தான். பண்ணைக்காரரையும் போடச் சொல்லுங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

ஓடைக்கரையான்:

ரொம்ப நன்றி. இன்று சாட்டில் கேட்டேன், முதலில் மழுப்பினார்கள், மூன்றாவது ஆள்தான் 14,000 என்று எழுத்தில் கொடுத்தார். டிஷ்ஷும் ஆர்டர் போட்டுவிட்டேன். ஒரு சந்தேகம், டிஷ் வாங்கிவிட்டால் இவர்களுக்கு இன்டர்நெட் இருக்கிறதே என்று கேஸ் பலவீனமாகிவிடாதா?

கம்பிக்காரன்:

ஆகாது. நீங்கள் கேள்வி கேட்பது அந்தக் கேபிள் கம்பெனி எழுதிக்கொடுத்ததை, நீங்கள் வேறு யாரிடம் என்ன வாங்கினீர்கள் என்பது அதில் வராது. மனுவைப் போடும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள், மேப்பில் புள்ளி உங்கள் கூரைமேல் இருக்கிறதா, ரோட்டோரத் தபால்பெட்டிமேல் இருக்கிறதா என்று. நீளமான டிரைவ்வே உள்ள வீடுகளில் அப்படி ஆவதுண்டு. ரோட்டில் இருந்தால் முதலில் இடத்தைத் திருத்தச் சொல்லித் தனியாக ஒரு மனுப் போட வேண்டும்.

ஓடைக்கரையான்:

இப்போதுதான் பார்த்தேன். புள்ளி பண்ணைக்காரரின் மாட்டுக்கொட்டகைமேல் இருக்கிறது.