கூகுளில் முழு வாக்கியமா, ரெண்டு சொல்லா?

செந்தூல்வாசி:
எங்கள் வீட்டில் இது தினசரிச் சண்டை. அப்பா கூகுளில் தேடுவது மனு எழுதுகிற மாதிரி: "எனது பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டது, நகல் எடுக்க எங்கே போக வேண்டும், தயவுசெய்து கூறவும்." மகனோ ரெண்டே சொல், அதுவும் எழுத்துப்பிழையோடு. அவனுக்குக் கிடைத்துவிடுகிறது, அப்பாவுக்கு வருவதெல்லாம் தமிழ்நாட்டுத் தாலுகா ஆபீஸ். நாங்கள் இருப்பது கோலாலம்பூரில்! நீளமாகக் கேட்பதுதான் கோளாறா?

பட்டர்வொர்த் பையன்:
நீளம் இப்போது பெரிய பிரச்சினை இல்லைண்ணே. முன்பெல்லாம் சின்னச் சொற்களைத் தேடுபொறி அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. 2019இல் வாக்கியத்தின் பொருளைப் புரிந்துகொள்ள பெர்ட் என்ற மொழி மாதிரியைக் கொண்டுவந்தபோது கூகுளே ஒரு உதாரணம் காட்டியது: பிரேசில்காரர் அமெரிக்கா போக விசா வேண்டுமா என்று ஆங்கிலத்தில் ஒரு தேடல், நடுவில் இருந்த 'டு'வை, அதாவது நம்ம 'க்கு'வை, முன்பு சரியாகப் பிடிக்காததால் பிரேசிலுக்குப் போகும் அமெரிக்கர்களைப் பற்றிய பக்கம் வந்து நின்றது. இப்போது யார் எங்கே போகிறார் என்பதைப் புரிந்துகொள்கிறது. அதனால் அப்பா வாக்கியமாகவே எழுதட்டும்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அது சரி தம்பி, ஆனால் இவர் அப்பாவுக்கு உள்ள சிக்கல் வேறு. தமிழில் கேட்டால் தமிழ்ப் பக்கங்கள்தான் முதலில் வரும், சான்றிதழ் எடுப்பதைப் பற்றித் தமிழில் எழுதி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள். நம்ம ஜேபிஎன், அதாவது தேசியப் பதிவிலாகா, விவரமெல்லாம் மலாயில் கிடக்கிறது. "சாலினான் சிஜில் கெலாஹிரான்" என்று மலாய் எழுத்தில் அடிக்கச் சொல்லுங்கள், மூன்று சொல் போதும். பதில் எழுதியவர் என்ன சொல்லைப் போட்டிருப்பார் என்று யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே பினாங்கில் நாம் எல்லாரும் தண்ணீர்மலை என்கிறோம், வெளியூர்ப் பயணிகள் எழுதுவதில் பாதிக்கு மேல் வாட்டர்ஃபால் டெம்பிள் என்றுதான் இருக்கும். கோயில் ஒன்றுதான், ஆனால் படியேறுவதைப் பற்றி அவர்கள் எழுதியது வேண்டுமென்றால் அவர்கள் பேரைத்தான் போடணும்.

ஏஜென்ட் விளம்பரமாக வந்து தொல்லை கொடுத்தால், தேடும் சொற்களுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ஜேபிஎன் இணைய முகவரியைச் சேர்த்துவிடுங்கள். அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும்.

பிரிக்பீல்ட்ஸ் ராத்திரி:
சாட்ஜிபிடி மாதிரி ஆட்களிடம் கேட்பதானால் அப்பாவுடைய பாணிதான் சரி. எந்த நாடு, யாருடைய சான்றிதழ், எதற்கு வேண்டும் எல்லாம் சொல்லணும். ரெண்டு சொல்லைப் போட்டால் அது பொதுவாக எதையோ அளந்துவிடும். கட்டணத்தை மட்டும் அது சொன்னதை நம்பிப் போய்விடாதீர்கள், ஜேபிஎன் பக்கத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

செந்தூல்வாசி:
மலாயில் அடித்ததும் நேரே ஜேபிஎன் பக்கமே வந்துவிட்டது, நன்றி அக்கா. அப்பாவுக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் தமிழில்தான் கேட்பேன் என்று பிடிவாதம். சரி, தமிழிலேயே கேட்டு மலேசியா என்று ஒரு சொல் சேர்த்தால் போதுமா, யாராவது செய்து பார்த்தீர்களா?

ஆயர் ஈத்தாம் அக்கா:
தமிழ்நாடு விலகிப்போகும், ஆனால் நம்மூர்ப் பத்திரிகைச் செய்திகள்தான் அதிகம் வரும். விண்ணப்பப் பாரம் வேண்டுமென்றால் மலாய்தான்.