மாலை போட்டால் நிற்கிற குடி, நோயாம்!

கரிசல்மைந்தன்: குடிப்பழக்கம் ஒரு நோய், குடிப்பவரைத் திட்டாதீர்கள் என்று நேற்று ஒருவர் இங்கே உருகியிருந்தார். எங்கள் தெருவில் கார்த்திகை முதல் தேதி மாலை போட்ட 11 பேரும் முந்தைய இரவு வரை டாஸ்மாக் வாசலில் நின்றவர்கள். 41 நாள் ஒரு சொட்டுத் தொடவில்லை. சர்க்கரை நோயாளி மாலை போட்டால் சர்க்கரை இறங்கிவிடுமா?

வைகைச்செவிலி: 22 ஆண்டு வார்டில் வேலை பார்த்தவள் நான். மாலையோடு வந்து படுத்தவரையும் பார்த்திருக்கிறேன். காலையில் குவார்ட்டர் இறங்கினால்தான் அவருக்குப் பல் துலக்கவே கை நிற்கும். சாமிக்குப் பயந்து ஒரேயடியாக நிறுத்திவிட்டார். மறுநாள் வலிப்பு. மூன்றாம் நாள், போர்வையில் இல்லாத எறும்புகளைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். மருந்து கொடுத்துப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

கரிசல்மைந்தன்: எங்கள் 11 பேரில் ஒருவருக்கும் எறும்பு வரவில்லையே, சிஸ்டர்! 41 நாள்!

பொருநைவாசி: 41 என்று யார் சொன்னது? ஒரு மண்டலம் 48 நாள்.

கரிசல்மைந்தன்: 48 என்பது சித்த மருந்து சாப்பிடுகிற கணக்கு. சபரிமலைக்கு 41. குருசாமி யாரையாவது கேட்டுவிட்டு வாருங்கள்.

பொருநைவாசி: என் தாத்தாவே குருசாமி. 18 முறை மலை ஏறியவர். எனக்கா பாடம்?

கணக்கன்: எய்ம்ஸ் மருத்துவர்கள் மத்திய அரசுக்காக எடுத்து, 2019இல் வெளியான கணக்கெடுப்பு இருக்கிறது. 10 முதல் 75 வயதுக்குள் 14.6% பேர் குடிக்கிறார்கள், ஏறத்தாழ 16 கோடி. அதில் குடிக்கு அடிமையானவர்கள் சுமார் 2.9 கோடி. உங்கள் 11 பேர் மீதிக் கூட்டமாக இருக்கலாம்.

கரிசல்மைந்தன்: அந்த 16 கோடியில் மாலை போட்டவர்கள் எத்தனை என்று எய்ம்ஸ் கேட்டதா? இல்லை. வறட்டுக் கணக்கு. ஜல்லிக்கட்டு விவாதத்திலும் இப்படித்தான் சதவீதம் காட்டி ஓடினீர்கள், மறக்கவில்லை.

கணக்கன்: ஓடியது யார் என்று பழைய பதிவுகளைப் பார்த்தால் தெரியும்.

தெற்குவீதி: 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. அதை ஒருவரும் பேச மாட்டீர்கள்.

கரிசல்மைந்தன்: வந்துவிட்டார் அரசியல்வாதி. கடை திறந்திருந்தால் கையைப் பிடித்தா இழுக்கிறார்கள்? அதே கடை திறந்திருக்கும்போதுதான் 11 பேரும் 41 நாள் கடந்து போனார்கள்.

வைகைச்செவிலி: ஒன்றே ஒன்று கேட்கிறேன், தம்பி. 42ஆம் நாள் அந்த 11 பேரும் எங்கே இருந்தார்கள்?

கரிசல்மைந்தன்: அது அவரவர் சொந்த விஷயம். பேச்சை மாற்றாதீர்கள்.

வைகைச்செவிலி: மாற்றவில்லை. மாலையைக் கழற்றிய கையோடு எங்கே போனார்கள்?

கரிசல்மைந்தன்: திருவிழா முடிந்தால் மனிதன் கொஞ்சம் கொண்டாடத்தான் செய்வான். 41 நாள் இருந்தானா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பொருநைவாசி: 48.

கரிசல்மைந்தன்: கார்த்திகை ஒன்றிலிருந்து மண்டல பூஜை வரை விரல் விட்டு எண்ணுங்கள் ஐயா!