ஒரே காய்ச்சல்தான், ஆனால் அம்மாவை மட்டும் விடவில்லை

லயத்துப்பிள்ளை:
2008. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கொசுவால் வரும் சிக்குன்குன்யா காய்ச்சல் பரவிய வருடம். குளுவாங் பக்க ரப்பர்த் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் படுத்தார்கள். அப்பா பத்து நாளில் பால் எடுக்க மரம் வெட்டப் போய்விட்டார். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது, மூட்டுவலி விடவில்லை.

விடியற்காலை நாலரை மணி. அம்மா மைலோ டின்னை மடியில் இடுக்கிக்கொண்டு, கரண்டிக் காம்பால் மூடியை நெம்புகிறார். விரல் மடங்கவில்லை. கரண்டி நழுவி விழுகிறது. எடுக்கிறார், மறுபடி விழுகிறது. மூன்றாவது தடவை எடுக்கவில்லை, அதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த அப்பா, "எனக்கும்தான் வந்துச்சு, நான் எந்திரிக்கலையா?" என்றார். கிளினிக்கில் வயசுக் கோளாறு என்றார்கள். அம்மாவுக்கு அப்போது 41. அவர் நடிக்கிறார் என்று நானும் நினைத்தேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்கில் மூட்டுவலி தங்குவது பெண்களிடம்தான் அதிகம் என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன்.

மல்லிகா வீடு:
தம்பி, உங்கள் அம்மா பட்டது பெரிய வேதனை. ஆனால் ஆண்கள் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே நாளில் கோவிட். எனக்கு இரண்டு நாள் சளி, அவ்வளவுதான். அவருக்கு எட்டாம் நாள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்சில் ஏறும்போது, "கேஸை" என்றார். மூச்சை இழுத்துவிட்டு, "அடைச்சியா?" என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் இருந்த இடைவெளி என் காதை விட்டுப் போகவில்லை. அவர் திரும்பி வரவில்லை.

உலகம் முழுக்க அதில் ஆண்கள்தான் அதிகம் இறந்தார்கள். வைரசை மோப்பம் பிடிக்கும் டிஎல்ஆர்7 என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. பெண்ணின் செல்லில் ஒரு எக்ஸ் பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனால் சில எதிர்ப்புச் செல்களில் இந்த மரபணு மட்டும் அடங்காமல் வேலை செய்யும். 2020இல் நெதர்லாந்தில் கோவிட் வந்த, இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்களுக்கு இதே மரபணு பழுதாக இருந்தது. நால்வருக்குமே செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது.

செம்பனை மண்டோர்:
அக்கா, எல்லாவற்றையும் குரோமோசோமில் போடாதீர்கள். யார் எங்கே நின்று வேலை செய்கிறார் என்பதும் இருக்கிறது. 1998-99இல் பன்றிகளிடமிருந்து பரவிய நிப்பா வைரசால் இங்கே மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பன்றிப் பண்ணையில் வேலை செய்த ஆண்கள். என் மாமா அப்போது புக்கிட் பெலண்டோக் பக்கம் லோரி ஓட்டினார். ராணுவம் பன்றிகளைச் சுட்ட சத்தம் இன்னும் கேட்கிறது என்பார்.

அப்புறம், எல்லோரும் கவனியுங்கள். மழை விட்டதும், ரப்பர்ப் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கைக் கவிழ்த்து வையுங்கள். வெட்டாமல் விட்ட வரிசையில்தான் தண்ணீர் தேங்கும். சிக்குன்குன்யாவைப் பரப்பும் புலிக்கொசு பகலில் கடிக்கும், அதனால் ராத்திரி வலை மட்டும் போதாது. பழைய டயர், பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி எல்லாம் வாரம் ஒருமுறை பாருங்கள். காய்ச்சல் என்றால் டெங்கி இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரினும் புரூஃபனும் வேண்டாம், பானடோல் (பாராசிட்டமால்) மட்டும். எம்சி (மருத்துவ விடுப்பு) கிடைத்தால் வீட்டில் படுங்கள், பகுதி நேர வேலைக்கு ஓடாதீர்கள்.

தாதி_பேராக்:
மண்டோர் அண்ணே, மங்கு விஷயம் எல்லோருக்கும் தெரியும். மங்கைக் கவிழ்க்காததாலா அந்த அம்மாவுக்கு மட்டும் விரல் மடங்கவில்லை? கொசு இரண்டு பேரையும்தானே கடித்தது? தடுப்பூசி போடும்போதே பார்க்கிறேன், கை வீங்குவதும் காய்ச்சல் வருவதும் பெண்களுக்குத்தான் அதிகம். ஃபுளூ ஊசிக்கு எதிர்ப்பொருள் அதிகம் சுரப்பதும் அவர்களுக்குத்தான். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் தணிக்கும். அதே வேகம் சில சமயம் சொந்த உடம்பின் மேலேயே திரும்பும். அப்படி எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். தம்பி, அம்மாவுக்கு அந்த வலி எத்தனை மாதம் இருந்தது?

லயத்துப்பிள்ளை:
ஏழு மாதம், அக்கா. வெட்டுக் கத்தியைப் பிடிக்க முடியாமல் புல் பிடுங்கும் வேலைக்கு மாறினார், சம்பளமும் குறைந்தது. நேற்று இதையெல்லாம் வீட்டில் வாசித்துக் காட்டினேன். "அப்ப யாருக்குத் தெரியும்?" என்றார் அப்பா. "எனக்குத் தெரியும்" என்று அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார்.