குழந்தைகளோடு முதல் கேம்பர் வேன் பயணம்: நடுராத்திரியில் பேட்டரி இறங்கிவிடுகிறது, ஏலகிரிக்குப் போகலாமா?

மேடவாக்கம் அம்மா

வணக்கம். அரையாண்டு லீவில் பிள்ளைகளோடு ஏலகிரி போவதாக இருக்கிறோம். பெரியவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. வண்டி என் கணவரின் நண்பருடையது. பழைய டிராவலர் வேனை கேம்பராக மாற்றி வைத்திருக்கிறார்: இரண்டு படுக்கை, சின்ன சிங்க், கூரையில் ஏசி, 12 வோல்ட் ஃபேன் இரண்டு, இன்வெர்ட்டர். தெரிந்த டிரைவர் அண்ணன் ஓட்டுகிறார்.

ஒத்திகையாக மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட் வளாகத்தில் ராத்திரி தங்கிப் பார்த்தோம். நடுச்சாமத்தில் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தியது, ஃபேன் நின்றுவிட்டது. கடற்கரைப் புழுக்கம் வேறு. சின்னவன் வேர்த்துக் கொட்டி அழுகிறான், கதவைத் திறந்தால் கொசு. விடியும்வரை விசிறியால் வீசிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

பேட்டரி ஏன் இறங்குகிறது? இன்ஜினை ஓடவிட்டு ராத்திரி ஏசி போட்டுக்கொள்ளலாமா? சிங்க்கிலிருந்து நாற்றமும் வருகிறது. பெரியவளுக்கு வண்டியில் வாந்தி வரும், மலையை நினைத்தால் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பள்ளிக்கரணை எலக்ட்ரீஷியன்

மேடம், மற்றதை எல்லாம் அப்புறம் பார்க்கலாம். நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிட்டுப் பிள்ளைகளோடு தூங்கவே தூங்காதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஜெனரேட்டரை வண்டி பக்கத்தில் வைத்தாலும் இதே ஆபத்துதான். கதவை மூடிக்கொண்டு உள்ளே கேஸ் அடுப்பு பற்றவைக்கவும் கூடாது.

ஏசிக்கு ஒரே வழி, தங்கும் இடத்தில் 15 ஆம்பியர் பிளக் வாங்கிக்கொள்வது. எக்ஸ்டென்ஷன் வயர் தடிமனாக இருக்கட்டும். சுருட்டிய வயரை அப்படியே வைத்து ஏசி ஓட்டினால் சூடேறி உருகும், முழுவதும் விரித்துவிடுங்கள்.

பேட்டரி எத்தனை ஏஎச் (ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு)? அன்று ராத்திரி என்னென்ன ஓடியது?

மேடவாக்கம் அம்மா

நன்றி அண்ணா, இன்ஜின் யோசனையை விட்டுவிட்டோம். பேட்டரி 100 ஏஎச், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிற வகை. ஃபேன் இரண்டு, சின்ன லைட் ஒன்று. சின்னவனுக்குப் பால் கலக்க எலக்ட்ரிக் கெட்டிலில் இரண்டு தடவை வெந்நீர் வைத்தேன்.

பள்ளிக்கரணை எலக்ட்ரீஷியன்

100 ஏஎச்சை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1200 வாட் ஹவர். இந்த வகை பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுசு குறையும், ஆக கைக்கு வருவது 600. ஒரு ஃபேன் 25 வாட் என்று வைத்தால், இரண்டும் எட்டு மணி நேரம் ஓட 400 போதும். கெட்டில் 1500 வாட்டாக இருந்தால், ஐந்து நிமிஷத்துக்கே 125 போய்விடும். அந்த நேரத்தில் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கெட்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஆனால் கெட்டிலைச் சேர்த்தால்கூட, முழு சார்ஜில் கிளம்பியிருந்தால் நடுச்சாமத்தில் நின்றிருக்கக் கூடாது. வண்டி ஓடும்போது பின் பேட்டரிக்கு, அதாவது ஃபேன், லைட்டுக்கான இந்த 100 ஏஎச் பேட்டரிக்கு, சார்ஜ் ஏறவில்லை என்பது என் சந்தேகம். மல்டிமீட்டரை பின் பேட்டரி டெர்மினலில் வைத்து, இன்ஜினை நிறுத்தி ஒருமுறை, ஓடவிட்டு ஒருமுறை பாருங்கள். ஓடும்போது 13.8, 14 வோல்ட் என்று ஏற வேண்டும். ஏறாவிட்டால் முன் பேட்டரிக்கும் (இன்ஜினை ஸ்டார்ட் செய்வது) பின் பேட்டரிக்கும் நடுவே இருக்கிற ரிலே (இரண்டையும் தானாக இணைக்கிற ஸ்விட்ச்), ஃபியூஸ் இரண்டையும் பாருங்கள்.

அம்பத்தூர் அக்கா

தம்பி சொன்னதை முதலில் முடித்துவிடும்மா. என் மூன்று பிள்ளைகளையும் வேனில் வளர்த்தேன் என்றே சொல்லலாம், அந்த உரிமையில் மற்றதைச் சொல்கிறேன்.

முதல் பயணத்துக்கு ஏலகிரி நல்ல இடம். சென்னையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர், மலை ஏறக்குறைய 1100 மீட்டர் உயரம். டிசம்பர் ராத்திரியில் ஏசியே தேவைப்படாது, கம்பளிதான் வேண்டும். ஒரே மூச்சில் போகாதீர்கள். காஞ்சிபுரம் பக்கம் ஒருமுறை, வேலூரில் கோட்டை அகழி பக்கம் ஒருமுறை இறக்கி ஓடவிடுங்கள். ஆம்பூர் பிரியாணி ஆசை இருந்தால் பார்சல் வாங்கி மேலே போய்ச் சாப்பிடுங்கள், வயிறு நிறைய வைத்துக்கொண்டு மலை ஏறினால் பெரியவள் தாங்கமாட்டாள்.

மலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பாரி, ஓரி, கபிலர் என்று வள்ளல்கள், புலவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். போனையோ படப்புத்தகத்தையோ கையில் கொடுக்காமல், அடுத்த பலகை எங்கே வருகிறது என்று அவளைத் தேடச் சொல். கண் வெளியே தூரத்தில் இருந்தால் குமட்டல் குறையும். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். மாத்திரை கொடுப்பதென்றால் உங்கள் குழந்தை மருத்துவர் சொன்ன பிறகுதான்.

ஒரு விஷயத்தில் நான் கறார். வண்டி ஓடும்போது படுக்கையில் பிள்ளை படுக்கவே கூடாது, தூங்கினாலும் சீட்டில்தான். 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை பெல்ட்டோ குழந்தை சீட்டோ போடாமல் கூட்டிப்போனால் சட்டப்படி 1000 ரூபாய் அபராதம். பணத்தை விடு, பிரேக் அடித்தால் மடியில் இருக்கிற குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. முன்னே பார்த்த சீட்டில் சின்னவனுக்குக் குழந்தை சீட் கட்டுங்கள். பக்கவாட்டு பெஞ்சு வேண்டாம்.

நாற்றத்துக்குக் காரணம், சிங்க்குக்குக் கீழே வளைந்த குழாயில் நிற்கிற தண்ணீர் வண்டி ஆட்டத்தில் வழிந்துபோவது. அது போனால் கழிவுத் தொட்டி வாடை நேராக மேலே ஏறும். கிளம்பும்போது ரப்பர் மூடியால் துளையை அடைத்துவிடு, நின்றதும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்று. பால், அரிசி களைந்த தண்ணீர் எதையும் அதில் கொட்டாதே. தொட்டியை தினமும் காலி செய்ய வேண்டும், சாலையோரம் திறந்துவிடாமல் தங்குமிடத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

ராத்திரிப் பாலுக்கு நல்ல ஃபிளாஸ்க் ஒன்று போதும். கொசுவுக்கு ஜன்னலில் வெல்க்ரோ வலை ஒட்டு, மூடிய வேனில் கொசுவத்தி கொளுத்தாதே. அப்புறம் டிரைவருக்குத் தனியாக ஓர் அறை போடுங்கள். ராத்திரி சீட்டில் சுருண்டு படுத்தவர் மறுநாள் மலை இறங்கினால் நம் பிள்ளைகளுக்கும் ஆபத்துதான்.

மேடவாக்கம் அம்மா

அக்கா, படித்ததும் பாதி பயம் போய்விட்டது. குழந்தை சீட் வாங்கிவிட்டோம்.

அண்ணா, இன்ஜின் நின்றபோது 12.1, ஓடும்போதும் அதே 12.1. சீட்டுக்குக் கீழே பெட்டியைத் திறந்தால், ஃபியூஸ் ஹோல்டரில் பச்சையாகக் களிம்பு, ஒரு பக்கம் பிளாஸ்டிக் உருகிக் கருத்திருக்கிறது. பெரிய ஃபியூஸாகப் போட்டுவிடலாமா என்று கணவர் கேட்கிறார்.

பள்ளிக்கரணை எலக்ட்ரீஷியன்

அதேதான். பெரிய ஃபியூஸ் மட்டும் கூடாது மேடம், வயர் தீப்பிடிக்காமல் காப்பதற்குத்தான் ஃபியூஸே. இருந்த அதே ஆம்பியரில், புது ஹோல்டரோடு மாற்றுங்கள். உருகியிருக்கிறது என்றால் இணைப்பு லூஸாக இருந்து சூடேறியிருக்கிறது. வயர் நுனியில் லக் (உலோக முனை) வைத்து க்ரிம்ப் செய்யச் சொல்லுங்கள், அதாவது கருவியால் அழுத்தி இறுக்கச் சொல்லுங்கள், முறுக்கி டேப் சுற்றினால் மறுபடி இதே கதைதான். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வீட்டு பிளக்கில் சார்ஜரைப் போட்டு முழுசாக ஏற்றிவிடுங்கள்.

மேடவாக்கம் அம்மா

மாற்றியாயிற்று. இன்ஜின் ஓடும்போது இப்போது 13.9 காட்டுகிறது. முழுசாக சார்ஜ் ஏற்றி, வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி எல்லோரும் உள்ளே தூங்கினோம். ஃபேன் இரண்டும் விடியும்வரை ஓடின, காலையில் 12.4. ஏலகிரியில் 15 ஆம்பியர் பிளக்கும் டிரைவர் அண்ணனுக்கு அறையும் தருகிற இடமாகப் பார்த்துச் சொல்லிவைத்துவிட்டோம். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

பள்ளிக்கரணை எலக்ட்ரீஷியன்

12.4 என்றால் சரியாக இருக்கிறது. அதே ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு ஸ்பேர் வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள்.