டர்பன் வெப்பநிலைக் கோடு: எவ்வளவு சூடு, எவ்வளவு சிமெண்ட்?

கரும்புக்கொல்லை:
தென்னாப்பிரிக்காவுல நம்ம டர்பன் சூடாகுதுன்னு காட்ட, விமான நிலையப் பதிவை அறுபது வருசத்துக்கு ஒரே கோடாப் போட்டுக் காட்டுறாங்க. அந்தக் கோட்டுக்குள்ள ஒரு ஒட்டு இருக்கு. 2010 மே 1 வரைக்கும் விமான நிலையம் தெற்கே, இசிபிங்கோவுக்கும் மெரிபேங்குக்கும் நடுவுல. பக்கத்துலயே சுத்திகரிப்பு ஆலை, கார் தொழிற்சாலை. அப்புறம் வடக்கே லா மெர்சிக்கு மாத்திட்டாங்க, சுத்தி கரும்பு. இந்த ரெண்டையும் ஒரே ஊர்னு சேர்த்துக் கோடு இழுத்தா அதுக்கு என்ன அர்த்தம்? பழைய இடத்துல ஏறின சூட்டுல பாதி தார் ரோடும் கூரையும் கொடுத்ததுதான்னு நான் சொல்றேன்.

வடகாற்று:
ஒட்டு இருப்பது உண்மை. ஆனால் அது எந்தப் பக்கம் தள்ளும் என்பதை நீங்கள் ஊகமாகத்தான் சொல்கிறீர்கள். பழைய ஓடுபாதை ஏறக்குறைய கடல்மட்டம். லா மெர்சி சுமார் 90 மீட்டர் உயரம். நூறு மீட்டருக்கு 0.65 டிகிரி என்று கணக்கிட்டால் உயரத்துக்கு மட்டுமே அரை டிகிரி குறையும், கரும்புக்கோ காருக்கோ அதில் வேலையில்லை. அதுவும் சராசரிக்கணக்கு. குளிர்கால இரவில், காற்றில்லாதபோது, உள்நாட்டுச் சரிவிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கித் தென் டர்பன் பள்ளத்தில் தேங்கும். ஆலைப் புகை அங்கே காலையில் கலையாமல் நின்றதும் அதனால்தான். அப்படிப்பட்ட இரவில் தாழ்வான பழைய இடமே மேட்டைவிடக் குளிராக இருக்கக்கூடும். ஆகவே பகல் உச்சத்துக்கு ஒரு திருத்தம், இரவுக் குறைந்தபட்சத்துக்கு வேறொரு திருத்தம். ஒரே எண்ணைக் கழித்துவிட்டுக் கோட்டை நேராக்க முடியாது.

கரும்புக்கொல்லை:
அந்தக் கணக்கு சரிண்ணே. ஆனா நிலம் மாறினதை எப்படி மறைப்பீங்க? ஓங்கி வளர்ந்த கரும்பு கோடையில ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணியை ஆவியாக்கும், அதாவது சதுர மீட்டருக்கு 5 லிட்டர். லிட்டருக்கு 2.45 மெகாஜூல்னா 12 மெகாஜூல் ஆச்சு. அன்னிக்கு விழுற வெயில்ல பாதிக்குப் பக்கம். டர்பனுக்கு வடக்கே உம்ஷ்லங்கா மேட்டுல கரும்பை அழிச்சு 2001ல கேட்வே மால் வந்தது, அதைச் சுத்தி அடுக்குமாடி. ஆவியாகப் போன அந்த 12 மெகாஜூல் இப்போ சுவத்துலயும் தாருலயும் ஏறி, பொழுது சாஞ்ச பிறகு வெளிய வருது. நகர வெப்பத்தீவு, அதாவது ஊர் சுத்துவட்டாரத்தைவிடச் சூடா நிக்கறது, பெரும்பாலும் ராத்திரி விவகாரம். பதிவுல பகல் உச்சத்தைவிட இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலை வேகமா ஏறினா முதல்ல சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

வடகாற்று:
சந்தேகத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. வெப்பத்தீவு காற்றில்லாத, தெளிவான இரவில்தான் வலுக்கும். காற்றடித்தால் சூடு கலந்து போய்விடும். ஏறுவது கட்டடச் சூடு என்றால் அமைதியான இரவுகளில் மட்டும் கோடு செங்குத்தாக ஏற வேண்டும். காலநிலை ஆய்வாளர் டேவிட் பார்க்கர் 2004ல் உலக நிலையங்களின் இரவுகளைக் காற்றுள்ளவை, இல்லாதவை என இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே வேகத்தில் ஏறின. தெற்கே நடுக்கடலில், ஊரே இல்லாத மேரியன் தீவும் நம் நாட்டுடையதுதான். 1948 முதல் அங்கே நிலையம் இருக்கிறது, சூடு ஒரு டிகிரிக்கு மேல் ஏறியிருக்கிறது. அங்கே யார் மால் கட்டினார்கள்?

இன்னொன்று: வெப்பத்தீவின் அளவு வேறு, அது வளரும் வேகம் வேறு. லண்டன் நடு நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடு. ஆனால் நெடுங்காலமாகவே அப்படி இருப்பதால், அங்கே கோடு ஏறும் வேகம் கிராமத்து நிலையத்தைப் போலத்தான்.

கரும்புக்கொல்லை:
லண்டன் ஏற்கெனவே கட்டி முடிச்ச ஊர். சீனாவைப் பாருங்க. 1951லேருந்து 2004 வரைக்கும் நகர வளர்ச்சி பத்து வருசத்துக்கு 0.1 டிகிரி கூட்டினதா காலநிலை ஆய்வாளர் ஃபில் ஜோன்ஸ் குழுவே கணக்குப் போட்டாங்க. நம்ம வட டர்பன் லண்டன் மாதிரியா, சீனா மாதிரியா?

வடகாற்று:
அதே கணக்கில் நகர வளர்ச்சியைக் கழித்த பிறகும் அந்தக் காலம் முழுவதற்கும் சேர்த்து 0.81 டிகிரி மிச்சம் நின்றது, அதையும் சொல்லுங்கள். வட டர்பன் சீனாவைப் போல என்பதை ஒத்துக்கொள்கிறேன். லா மெர்சியைச் சுற்றிக் கிடங்குகள் எழும்புவதால் இனிமேல் வரும் பதிவில்தான் உங்கள் வாதம் வலுக்கும். பழைய பதிவுக்கு அதை ஏற்ற முடியாது.

வெள்ளைப்பெட்டி:
ரெண்டு பேரும் கருவியை மறந்துட்டீங்க. ஊரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி பெட்டியைப் பாருங்க.

வெப்பமானி வெக்கிற வெள்ளைப் பெட்டிதான் ஸ்டீவன்சன் பெட்டி. அதோட கதவு நமக்குத் தெற்கே திறக்கணும். வட அரைக்கோளப் புத்தகத்தைப் பார்த்து வடக்கே வெச்சா, அளவு எடுக்கக் கதவைத் திறக்கும்போது வெயில் வெப்பமானிக் குமிழ்மேல விழும். வெப்பமானி தரையிலேருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்துல, கீழே புல். வெள்ளை பெயிண்ட் மங்கினா பகல் உச்சம் மெல்ல மெல்லக் கூடும். வரைபடத்துல அது அச்சு அசலா நகர வளர்ச்சி மாதிரியே தெரியும். பெயிண்ட் அடிச்ச மாசம் கோடு சட்டுனு இறங்கினா விசயம் வெளிய வந்துடும்.

குறைந்தபட்ச வெப்பமானியில இருக்கறது சாராயம். அது கொஞ்சம் ஆவியாகிக் குழாய் மேல்முனையில ஒட்டிக்கும், அப்புறம் எல்லா இரவும் குறைச்சுக் காட்டும். காலை 8 மணிக்குச் சாராய மட்டத்தையும், அப்போதைய காற்றுச் சூட்டைக் காட்டுற உலர் வெப்பமானியையும் ஒத்துப் பாருங்க. பொருந்தலைன்னா குமிழைக் கீழே பிடிச்சு உதறிச் சேர்க்கணும். சேர்த்த தேதியைக் குறிப்பேட்டுல எழுதலைன்னா, பத்து வருசம் கழிச்சு அந்தத் தாவலை மாலோட கணக்குல எழுதிடுவாங்க. தானியங்கி பிளாட்டின உணரிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனா பாதரசத்தைவிட வேகமானது, நொடிநேரச் சூட்டையும் பிடிச்சுடும். ஒரு நிமிடச் சராசரி எடுக்கலைன்னா உச்சம் தானா உயரும்.

இப்போ ஒட்டு. ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல அளந்த பதிவு குறைஞ்சது ஒரு வருசம் வேணும், ரெண்டு இருந்தா நல்லது. இல்லைன்னா பக்கத்து நிலையங்களோட மாதச் சராசரியைக் கழிச்சு வித்தியாசத்தை மட்டும் வரைங்க. படிக்கட்டு மாதிரி விழுந்தா இடமாற்றமோ கருவி மாற்றமோ. மெல்ல ஏறும் சரிவு வந்தா சுற்றுப்புற வளர்ச்சி. ஒப்பிட ஒரு நிலையம் போதாது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் நிலையத்தைத் தனியா நம்பாதீங்க, 1925லேருந்து அங்கே கரும்பு ஆராய்ச்சி நடந்தாலும் இப்போ சுத்தி வீடுதான். சீடாரா நிலையம் உள்நாட்டுல, ஆயிரம் மீட்டருக்கு மேல. உள்நாட்டு மேட்டுலேருந்து கரைக்கு இறங்குற பெர்க் காற்று அடிக்கிற நாள்ல அது கரையோட ஒத்துப்போகாது. நூறு மீட்டர் இறங்கினா ஒரு டிகிரி ஏறுற காற்று அது. ஜூலையில டர்பன் 30 டிகிரியைத் தொடுறதும் அதால்தான். அந்த நாள்களை முதல்ல நீக்கிட்டுக் கழிங்க.

கரும்புக்கொல்லை:
பெர்க் நாளை நீக்கினா குளிர்கால உச்சமெல்லாம் போயிடுமே. மிச்சத்தை வெச்சு யாருக்கு என்ன நிரூபிக்கறது?

வெள்ளைப்பெட்டி:
ஒட்டோட அளவைக் கண்டுபிடிக்க மட்டும் நீக்குங்க. திருத்தம் கிடைச்சதும் எல்லா நாளுக்கும் போட்டு, பெர்க் நாளையும் சேர்த்தே கோடு வரைங்க. பகல், இரவு ரெண்டுக்கும் தனித்தனித் திருத்தம், வடகாற்று சொன்ன மாதிரி.